பைட் வரிசை: இஃப்டெஃபா, எச்டிஓஎன்எல்லா, ஷிஃப்டா?

நீர்மட்டம் 143 அடியைத் தொட்டால் பாபநாசம் அணை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கருவி இதை, மதிப்பு கூடிய இடத்து பைட் முன்னால் வரும்படி (இதுதான் பிக் எண்டியன்) 0, 143 என இரண்டு பைட்டாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து, நம் லேப்டாப்பில் பாயின்டரை காஸ்ட் பண்ணி, அதாவது அந்த இரண்டு பைட்டையும் ஒரே எண்ணாகப் பாவித்து, அப்படியே படித்தால் 36,608 அடி என்று காட்டும். இன்டெல் பிராசசர் லிட்டில் எண்டியன். மதிப்பு குறைந்த இடத்து பைட்தான் முன்னால் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது.

இந்த வரிசைச் சிக்கலுக்கு சி மொழியில் புழங்கும் வழிகளில் எனக்குப் பிடிக்காதது இஃப்டெஃப் (#ifdef: எந்த நிரலைச் சேர்ப்பது என்று கம்பைல் ஆகும்போதே தேர்வு செய்வது). மெஷினின் வரிசையைக் கேட்டு, தேவையென்றால் பைட்டைப் புரட்டுவதால் ஒரே வேலைக்கு இரண்டு பாதை வந்துவிடுகிறது. நம்மிடம் இருக்கும் லேப்டாப், போன் எல்லாமே லிட்டில் எண்டியன் என்பதால் அதில் ஒன்று ஓடவே ஓடாது. ஓட்டிப் பார்க்காத நிரலை எப்படி நம்புவது?

மெஷின் வரிசைக்கும் நெட்வொர்க் வரிசைக்கும் இடையே எண்ணை மாற்றும் எச்டிஓஎன்எல் (htonl), என்டிஓஎச்எல் (ntohl) ஃபங்ஷன் குடும்பம் பரவாயில்லை. நெட்வொர்க் வரிசை பிக் எண்டியன். சாக்கெட்டில் போர்ட் எண் நிரப்ப இதுவே சரி. ஆனால் பிஎம்பி, வேவ் மாதிரி லிட்டில் எண்டியன் ஃபைல்களுக்கு உதவாது. சி ஸ்டாண்டர்டிலும் கிடையாது, யூனிக்ஸ் வகை சிஸ்டம்களுக்கான போசிக்ஸ் தரத்தில்தான் இருக்கிறது.

என் ஓட்டு ஷிஃப்டுக்கு. முதல் பைட்டை 8 பிட் இடப்பக்கம் தள்ளி, இரண்டாவதோடு பிட்-ஆர் (|) பண்ணிச் சேர்த்தால் எந்த மெஷினிலும் 143தான். மெஷினின் வரிசை என்ன என்ற கேள்வியே எழாது, தரவின் வரிசை தெரிந்தால் போதும். எண் மெமரியில் குறிப்பிட்ட முகவரிகளில்தான் தொடங்க வேண்டும் என்ற அலைன்மென்ட் தொல்லையும் இல்லை. வேகம் குறையுமே என்று தயங்க வேண்டாம்: ஆப்டிமைசேஷனைப் போட்டால் இன்றைய ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் பெரும்பாலும் இதை ஒரே லோடாகவோ (மெமரியிலிருந்து ஒரே படிப்பு), லோடோடு பைட்டைப் புரட்டும் ஒரு பைட்ஸ்வாப்பாகவோ சுருக்கிவிடும்.

ஒரு பொறி உண்டு. தள்ளுவதற்கு முன்பே பைட், சி-யின் சாதாரண முழு எண் வகையான இன்ட் ஆக மாறிவிடும். நான்கு பைட் எண்ணின் முதல் பைட்டை 32 பிட் இன்ட்டில் 24 பிட் தள்ளும்போது, அது மணிமுத்தாறு அணையின் முழு மட்டமான 118 என்றால் தப்பிக்கும். 143 என்றால், எண் நெகட்டிவா என்று சொல்லும் சைன் பிட்டில் போய் விழும். அப்புறம் நடப்பதற்கு ஸ்டாண்டர்ட் பொறுப்பேற்காது. இன்ட் 16 பிட்டாக இருக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் (ஆர்3 வரை) 8 பிட் தள்ளினாலே 143 சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் சைன் பிட் இல்லாத 32 பிட் அன்சைன்டாக காஸ்ட் பண்ணுங்கள், பிறகு தள்ளுங்கள்.

பணகுடி பக்கம் காற்றாலை மீட்டர்களோடு மோட்பஸில் (தொழில்துறைக் கருவிகள் தரவு பரிமாறும் நெறிமுறை) பேசுகிறவர்களுக்கு இது இன்னும் உதவும். அதில் 16 பிட் கொள்ளும் ஒரு ரெஜிஸ்டருக்குள் பிக் எண்டியன்தான். 32 பிட் எண்ணைச் சுமக்கும் இரண்டு ரெஜிஸ்டர்களில் எது முன்னால் என்பது மட்டும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். என்டிஓஎச்எல் இங்கே தனியாக நின்று ஒன்றும் செய்யாது; ஷிஃப்டில் 0, 1, 2, 3 என்ற பைட் எண்களை 2, 3, 0, 1 என்று மாற்றினால் வேலை முடிந்தது.