சுண்ணாம்பு ஜாடியா, எண்ணெய்ப் பூச்சா, ஈரமணல் பானையா: ஃபிரிட்ஜ் இல்லாமல் நாட்டு முட்டை

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் ஃபிரிட்ஜ் கிடையாது. பதினைந்து நாட்டுக்கோழி, ஒரு சேவல். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஒன்றுபோல முட்டை வைக்கும், 12, 15 ஆனதும் ஒவ்வொன்றாக அடைக்குப் படுத்துவிடும், அப்புறம் கொஞ்ச காலம் குழந்தைகளுக்கு ஒரு ஆம்லெட் போடக்கூட முட்டை இருக்காது. அதனால் எல்லா வழியும் செய்து பார்த்தேன், இப்போது சுண்ணாம்புத் தண்ணீரை விடுவதாக இல்லை.

எந்த வழியானாலும் முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு தண்ணீர் பட்டால் போய்விடும். எச்சம் ஒட்டியது, கீறல் விட்டது எல்லாம் அன்றன்றைக்கே சமையலுக்கு.

உமிக் கூடை, அரிசிப் பானை எல்லாம் உடையாமல் இருக்கத்தான். ஈரமணலில் பாதி புதைத்த பானை, மேலே நனைத்த சாக்கு, இது எங்கள் வறண்ட காற்றுக்கு நன்றாகவே குளிர்கிறது. தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் நான் நம்பமாட்டேன்.

காரணம் சேவல். இதை யோசிக்காமல்தான் பலர் முட்டையை வீணாக்குகிறார்கள். சேவல் சேர்ந்த முட்டையில் 20, 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்ல அசைய ஆரம்பித்துவிடும், நம் ஊர் வெயிலில் அடைக்கோழியே தேவையில்லை. மே மாதம் உமிக் கூடையிலிருந்து ஐந்தாம் நாள் எடுத்து உடைத்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிச் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது, அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. பானை கருவின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. துளையை அடைத்துக் காற்றை மறித்தால்தான் நிற்கும், அதை எண்ணெயும் செய்யும், சுண்ணாம்பும் செய்யும்.

எண்ணெய் சுலபம். முட்டை வைத்த அன்றே மெல்லப் பூசி, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கினால் போதும். கடலை எண்ணெய் பூசியது நாளானதும் சிக்கு வாடை அடித்தது, மருந்துக்கடை லிக்விட் பாரஃபினில் அது இல்லை. ஆனால் கோடையில் இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். சேவல் இல்லாத வீட்டில், பத்து இருபது முட்டைதான் என்றால் எண்ணெயே போதும், ஜாடி எடுக்க வேண்டாம்.

சுண்ணாம்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 30 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள். இரண்டு கிராம்கூட முழுதாய்க் கரையாது, மிச்சம் அடியில் வெள்ளையாய்ப் படியும், அது படிந்திருக்கும் வரை தண்ணீர் முழுக் காரத்தோடு இருக்கிறது என்று அர்த்தம். பீங்கான் ஊறுகாய் ஜாடி நல்லது, அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். நீற்றாத கல்லை வாங்கினால் கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில் பசையும் நீலமும் கலந்திருக்கலாம், அது வேண்டாம். காலையும் மாலையும் முட்டையைப் பொறுக்கி அன்றே ஜாடிக்குள் இறக்கிவிடுவேன், கோழி அடை உட்கார்ந்ததையும் தண்ணீரில் மிதப்பதையும் சேர்ப்பதில்லை. மேலே படியும் ஏட்டைக் கலைக்காமல் மூடி, சாளையிலேயே குளிர்ச்சியான மூலையில் வைத்துவிட்டால் வேறு பராமரிப்பு கிடையாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

மூன்று மாதத்துக்கு மேல் நான் வைத்ததில்லை, கடலோரப் புழுக்கத்தில் செய்து பார்த்ததும் இல்லை. நாளாக ஆக வெள்ளைக் கரு தண்ணீராகும், அதனால் ஆஃப்பாயில் வேண்டாம். கோழியிடமிருந்தே உள்ளே வந்துவிட்ட சால்மோனெல்லா கிருமியைச் சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது என்பதால் எப்படியும் முழுசாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். எடுத்ததும் நன்றாய்க் கழுவி, தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பார்த்துவிட்டுப் பொடிமாஸ் செய்யுங்கள். குழம்புக்கு அவிப்பதானால் அகன்ற முனையில் ஊசியால் ஒரு குத்து, துளை அடைபட்டிருப்பதால் இல்லாவிட்டால் வெடித்துவிடும்.