மல்லாவியில் ஒரு டெபியன் மிரர்: பயன்பாட்டு அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் உள்ள எங்கள் கல்வி நிலையத்தில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகள் பதினான்கு. எல்லாமே எங்கோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்டு நன்கொடையாக வந்தவை. உயர்தர ஐ.சி.ரி பிள்ளைகளுக்குப் பைதனும் மைஎஸ்கியூஎல்லும் வேண்டும். சின்ன வகுப்புகளுக்குத் தமிழ்த் தட்டச்சு. இத்தனைக்கும் சேர்த்து இருப்பது ஒரு 4ஜி ரவுட்டர். பகல் டேட்டா கொஞ்சம்தான். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு கிடைப்பது ஓரளவு தாராளம். 2023 ஜூனில் புக்வேர்ம், அதாவது டெபியன் 12, வந்த காலம் தொட்டு இங்கே உள்ளூர் மிரர் ஒன்றை, அதாவது டெபியன் களஞ்சியத்தின் பொதிகளை (மென்பொருள் கோப்புகளை) நகலாக வைத்திருந்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஓர் இயந்திரத்தை, நடத்தி வருகிறேன்.

முழு மிரர் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிட வேண்டும். எல்லா ஆர்க்கிடெக்சரும் (செயலி வகைகளும்) சேர்த்தால் டெபியன் களஞ்சியம் பல டெராபைட். புக்வேர்மில் மட்டும் 64,419 பொதிகள். எங்கள் லைன் நல்ல மனநிலையில் இருந்து 2 எம்பிபிஎஸ் தந்தாலும், ஏழு மணி நேர இரவில் கணக்குப்படி இறங்குவது 6.3 ஜீபிதான். அதனால் அடித்தளத்தை நெற்றில் இறக்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் ஃபைபர் லைன் உள்ள நண்பர் வீட்டில் ஹாட் டிஸ்க்கில் நிரப்பி, ஏ9 பஸ்ஸில் மாங்குளம் வந்து, அங்கிருந்து மல்லாவிக்குக் கொண்டுவந்தேன். டிஸ்க்கின் கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4 ஆக இருக்கட்டும். கடையில் வாங்கும்போது இருக்கும் எக்ஸ்ஃபாட்டில் சிம்லிங்க் (வேறொரு கோப்பையோ அடைவையோ சுட்டும் பெயர்) நிற்காது. களஞ்சியத்தில் ‘ஸ்டேபிள்’ என்ற பெயரே ஒரு சிம்லிங்க்தான்.

அதன்பிறகு நாளாந்த வேலை, மிரரைப் புதுப்பிக்கும் டெப்மிரர் என்ற நிரலுக்கு. மூலநிரல் வேண்டாம், விளையாட்டுப் பிரிவு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஸீரோ ஏடி என்ற விளையாட்டின் தரவுப் பொதி ஒன்றே ஒரு ஜீபிக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குரோமியம் உலாவியையும் நீக்கிவிட்டேன். பாதுகாப்புத் திருத்தம் அடிக்கடி வருவது அதற்கு, ஒவ்வொரு முறையும் முழுப் பொதியும் புதிதாக இறங்கும். பயர்பொக்ஸ் ஈஎஸ்ஆர் போதும். தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை அமைப்புகள் அடங்கிய எம்17என் பொதியையும் மட்டும் எக்காரணம் கொண்டும் விடவேண்டாம். இங்கே அலுவலகங்களில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அதற்குள் இருக்கிறது, தமிழ்99உம் இருக்கிறது.

மாறிய துண்டுகளை மட்டும் எடுக்கும் ஆர்சிங்க் நிரலைப் போட்டால் டேட்டா மிச்சம் என்று பலர் சொல்லுவார்கள். டெப் பொதிகளில் அந்தப் பருப்பு வேகாது. புதிய பதிப்பு புதிய பெயரில், சுருக்கிக் கட்டப்பட்டு வருகிறது. பழையதோடு ஒப்பிட்டு மாறிய துண்டை மட்டும் எடுக்க ஆர்சிங்குக்கு வழியில்லை. தவிர, பொதுவாக எல்லோரும் போடும் டெப்.டெபியன்.ஓஆர்ஜி ஒரு சிடிஎன் (பல இடத்துச் சேவையகங்களிலிருந்து கோப்பு தரும் வலையமைப்பு), அதில் ஆர்சிங்க் கிடையாது. நான் எச்டிடிபிதான் பாவிக்கிறேன்.

டெப்மிரரில் எனக்கு மிகவும் பிடித்தது, பாதியில் அறுந்தாலும் அது குழம்பாமல் நிற்பது. புதிய அட்டவணைகளை (பொதிப் பட்டியல்களை) ஒரு தற்காலிக அடைவில் வைத்துக்கொண்டு, பொதிகள் எல்லாம் வந்தபிறகுதான் இடத்துக்கு மாற்றும். பழைய பொதிகளை அழிப்பதும் கடைசியில், பிழை எதுவும் இல்லாவிட்டால் மட்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் ரவுட்டரைக் கழற்றி வைக்காத வீடு இங்கே இல்லை. கரண்டும் தன் பாட்டுக்குப் போகும். அப்படி அறுந்த நாட்களில் பிள்ளைகளின் கணினிகளுக்கு நேற்றைய மிரர் அப்படியே முழுசாக இருக்கும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரொனில் 12:15க்குத் தொடங்கி, டைம்அவுட் கட்டளையால் விடியமுன் நிறுத்திவிடுகிறேன். ஒரு தடவைக்கு இத்தனை பைல்தான் என்று வரம்பு வைக்கும் மேக்ஸ்-பேட்ச் தெரிவும் உண்டு. பொயின்ட் ரிலீஸ் (திருத்தங்களைச் சேர்த்த இடைப்பதிப்பு) வரும் கிழமை அது கைகொடுக்கும்.

தலையிடி வேறு இடத்தில். பாதுகாப்புக் களஞ்சியத்தின் ரிலீஸ் பைலில் (அட்டவணைகளுக்குக் கையொப்பம் தரும் கோப்பில்) ‘இந்தத் திகதி வரை செல்லும்’ என்று ஒரு வரி இருக்கும், அது ஏறக்குறைய ஒரு கிழமை. லைன் அதைவிட நீளமாகப் படுத்தால், பைல் காலாவதி என்று, பொதிகளை நிறுவும் அப்ட் நிரல் மறுத்துவிடும். யாராவது பழைய அட்டவணையையே காட்டி உங்களைத் திருத்தம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பதற்கான காவல் அது, தேவையானதுதான். அதனால் சோதனையை எல்லாவற்றுக்கும் அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை ஏற்கமாட்டேன். சோர்ஸ் பட்டியலில் அந்த ஒரு வரிக்கு மட்டும் தளர்த்தி, லைன் வந்ததும் திருப்பிப் போடுகிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. “சேர், அப்டேற் செய்ய விடுதில்லை, இன்னும் செல்லுபடியாகேல்லை எண்டு சொல்லுது” என்று ஒரு பிள்ளை கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் திகதி 2009 ஜனவரி! மதர்போர்ட்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பற்றரி செத்திருந்தது. பழைய கணினிகளில் இது வழக்கமான நோய். பற்றரி மாற்றினால் சரி. கூடவே மிரர் இயந்திரத்திலேயே நேரத்தைச் சரிசெய்யும் குரோனி நிரலை ஓடவிட்டு, மற்றவை அதனிடம் நேரம் கேட்கும்படி வைத்தேன். அதன்பிறகு அந்த முறைப்பாடு வரவில்லை.

நாலைந்து கணினிதான் என்றால் மிரரே வேண்டாம், அப்ட்-கேச்சர்-என்ஜி போதும் என்பது என் கருத்து. ஒருவர் இறக்கிய பொதியை வைத்திருந்து மற்றவருக்குக் கொடுக்கும், 3142ஆம் போர்ட்டில். முகவரிகள் எச்டிடிபியாக இருக்க வேண்டும். பொதிகளுக்குக் கையொப்பச் சோதனை இருப்பதால் அதில் பயமில்லை. ஆனால் லைன் இல்லாத பகலில் யாரும் முன்பு கேட்காத பொதியை அதனால் தர முடியாது. வகுப்பு நடுவே புதிதாக ஒன்று நிறுவ வேண்டி வரும் எங்களுக்கு அது சரிவரவில்லை.

2025 ஓகஸ்ட் 9இல் ட்ரிக்ஸி, அதாவது டெபியன் 13, வந்துவிட்டது. அதில் 32 பிட் கணினிகளுக்குக் கேர்னலும் (இயங்குதளத்தின் கருவும்) இல்லை, நிறுவியும் இல்லை. எங்களிடம் அப்படி மூன்று பெட்டிகள். அவற்றுக்காகப் புக்வேர்மின் ஐ386 (32 பிட்) பகுதியை டிஸ்க்கில் இன்னும் வைத்திருக்கிறேன். தட்டச்சுப் பழக அவை தாராளம். மற்றப் பதினொன்றையும் அடுத்த பள்ளி விடுமுறையில் ட்ரிக்ஸிக்கு மாற்ற வேண்டும். அதற்கான டிஸ்க் இப்போது யாழ்ப்பாணத்தில் நிரம்பிக்கொண்டிருக்கிறது.