டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: அப்பீலா, தீர்ப்பாயமா?

"பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல." முன்னாள் படைவீரர்களுக்கு டிசபிலிட்டி பென்ஷனை, அதாவது பணியால் வந்த உடல் பாதிப்புக்கான பென்ஷனை, மறுத்து வரும் கடிதங்களில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் காரணம். என் சித்தப்பாவுக்கும் அதேதான் வந்தது. 17 வருட சர்வீஸ். சேரும்போது உடம்பில் ஒரு குறையும் இல்லை. வெளியே வரும்போது ரத்த அழுத்தம், பாதிப்பு 30 சதவீதம் என்று படை மருத்துவர்கள் குழுவான மெடிக்கல் போர்டே எழுதியிருந்தது. கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். அது எங்கள் கண்ணில் பட்டபோது இரண்டு வருடம் ஓடியிருந்தது.

இந்த நிலையில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாகப் போகும் துறை அப்பீல். இன்னொன்று, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதன் சென்னைக் கிளை இருக்கிறது. ரெக்கார்டு ஆபீஸ் எந்த மாநிலத்தில் இருந்தாலும், ஓய்வுபெற்றவர் தான் குடியிருக்கும் இடத்துக்கு உரிய கிளையில் மனு போடலாம்.

அப்பீலுக்குச் செலவு என்றால் பதிவுத்தபால் காசுதான். வக்கீல் தேவையில்லை, கையால் எழுதிய கடிதமே போதும். முதல் அப்பீல் ஒரு குழுவுக்குப் போகும், அங்கும் மறுத்தால் இரண்டாவது அப்பீல். கெடு பெரும்பாலும் 6 மாதம்; மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் இங்கே உங்களை யாரும் நேரில் கூப்பிட்டுக் கேட்பதில்லை. பழைய மருத்துவக் காகிதங்களைத்தான் திரும்பப் பார்க்கிறார்கள். புதிதாக எதுவும் சேர்க்காமல் "ஐயா, கருணை காட்டுங்கள்" என்று எழுதினால் அதே வரிதான் திரும்பி வரும்.

தீர்ப்பாயத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவரும் படையின் மூத்த அதிகாரியாக இருந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். மெடிக்கல் போர்டு ஏன் அப்படி முடிவு செய்தது என்று அரசுத் தரப்பு அங்கே பதில் சொல்லியாக வேண்டும். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இதற்கு அடித்தளம். படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும்; இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது; போர்டு காரணம் எழுத வேண்டும். ஒரு வரி மறுப்பை வாங்கியவருக்கு இதைவிடப் பெரிய பலம் வேறு இல்லை. ஆனால் 21.9.2023 முதல் இந்தப் பென்ஷனுக்குப் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் பழைய தீர்ப்பை மட்டும் நம்பிப் போகாமல் அந்த விதிகளையும் படித்துவிட வேண்டும்.

அப்படியானால் நேராகத் தீர்ப்பாயத்துக்கே போய்விடலாமே என்று தோன்றும். அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: துறைக்குள் உள்ள வழிகளைப் பார்த்துவிட்டு வந்தால்தான் பொதுவாக மனுவை ஏற்பார்கள். அப்பீல் போட்டு 6 மாதம் பதில் இல்லை என்றால் அதுவே போதும், வாசல் திறந்துவிடும். இறுதிப் பதில் வந்தால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு: பல வழக்குகளில் நிலுவைத் தொகையை மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டுமே தருகிறார்கள்.

அதனால் என் தேர்வு இதுதான். அப்பீலை உடனே போடுங்கள், ஆனால் தீர்ப்பாயத்தில் வாதாடுவதுபோல் எழுதிப் போடுங்கள். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை, வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கை. எந்த வருடம் எந்த இடத்தில் போஸ்டிங், நோய் முதலில் தெரிந்தது எங்கே என்பதையும் வரிசையாக எழுதுங்கள். சியாச்சினிலோ எல்லைக் களப் பகுதியிலோ இருந்த காலத்தை விட்டுவிடாதீர்கள்.

சதவீதத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்பது வேறு வகைச் சண்டை. அதில் மறு மெடிக்கல் போர்டு கேட்க வேண்டும். தீர்ப்பாயமும் அப்படி உத்தரவிடுவது உண்டு. உயர் நீதிமன்றம்? தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து அங்கே ரிட் போடலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முதல் படியாக அது சரிவராது.

மனுவில் பலர் விட்டுவிடும் ஒன்று, சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை. 50க்குக் குறைவாக இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் எடுப்பார்கள். சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. 100 சதவீத பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் கிடைக்கும். சம்பளம் 40,000 ரூபாய், பாதிப்பு 30 சதவீதம் என்றால் மாதம் 3,600. அதையே 50 ஆக எடுத்தால் 6,000. சித்தப்பாவின் அப்பீலில் இந்தக் கோரிக்கையைத் தனிப் பத்தியாகவே எழுதி அனுப்பியிருக்கிறோம்.