வாரமா, இரு வாரமா, மாதமா: எந்த இடைவெளியில் மளிகை வாங்குவது?

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், கடைக்குப் போய்வருவது அரை நாளை விழுங்கிவிடும். பட்டியல் எழுதுவது, போவது, வரிசையில் நிற்பது, வந்து பிரித்து அடுக்குவது எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதனால் நடையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: வாரம் ஒரு முறை, இரு வாரத்துக்கு ஒரு முறை, மாதம் ஒரு முறை. எங்கள் வீட்டில் நிலைத்தது இரு வாரக் கணக்கு. அதற்குக் காரணம் அரிசியோ பருப்போ அல்ல, காய்கறி.

வார முறையில் பெரிய திட்டம் தேவையில்லை. எந்த ஃபிரிட்ஜும் போதும், பட்டியலில் விட்டுப்போனதை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். கீரையும் மீனும் அதிகம் சாப்பிடும் வீட்டுக்கும், கைக்குழந்தையால் எது எப்போது தீரும் என்று சொல்ல முடியாத வீட்டுக்கும் இதுவே சரி. நேரம்தான் மிச்சமாகாது.

மாத முறை காகிதத்தில் அழகாக இருக்கும். அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்பு, சோப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தவும் செய்யும். சிக்கல் மற்றவற்றில்தான். முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் வெப்பமான அலமாரியில் சிக்கு வாடை சீக்கிரம் வந்துவிடும். தானியத்தில் ஏற்கெனவே இருக்கும் வண்டு முட்டைகள், நாள் ஆக ஆகப் பொரியும். மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் அவை சாகும், ஆனால் மாதச் சரக்கு முழுவதையும் வைக்க ஃப்ரீசரில் இடம் ஏது?

இடம் இருந்தாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. 60 லிட்டர் ஃப்ரீசர் 24 மணி நேரத்தில் 2 முதல் 3 கிலோவைத்தான் ஒழுங்காக உறையவைக்கும். அதற்கு மேல் வைத்தால் நடுவில் இருப்பது மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப் படிகங்கள் உருவாகித் திசுவைக் கிழிக்கும், இளகும்போது நீரெல்லாம் வெளியே வந்து இறைச்சி சக்கையாகிவிடும். மின்சாரம் போனால், கதவைத் திறக்காதவரை நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். நீண்ட மின்தடை வழக்கமான இடத்தில் ஒரு மாத இறைச்சியை அதில் பூட்டிவைப்பது ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்கறி பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் வாராவாரம் காய்க்கென்று ஒரு நடை. பெயருக்குத்தான் அது மாத முறை.

ஆக, இடைவெளியைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: கடைசி நல்ல காய் எந்த நாள் வரை தாங்கும்? சாதாரண ஃபிரிட்ஜில், வாங்கும் விகிதத்தைச் சரியாக வைத்தால், 14 நாள் வரை வசதியாகத் தாங்கும்.

நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 800 கிராம் காய் என்று வைத்துக்கொண்டால், இரு வாரத்துக்கு 11 கிலோ சொச்சம். அதை மூன்றாகப் பிரித்து வாங்க வேண்டும். முதல் நான்கு நாளுக்குக் கீரை, காளான், வெண்டை, கத்தரி என 3 கிலோ. அடுத்த ஐந்து நாளுக்குப் பீன்ஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் என 4 கிலோ. கடைசி ஐந்து நாளுக்கு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி என 4 கிலோ. சமைப்பதும் இதே வரிசையில்தான். முதல் வாரத்தில் முட்டைக்கோஸில் கை வைத்தால் இரண்டாம் வாரம் தடுமாறும். பலர் இரு வார முறையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்: வாடக்கூடியதையே நிறைய வாங்கிவிட்டு, ஆறாம் நாள் பாதியைக் குப்பையில் போடுகிறார்கள்.

கீரையைக் கழுவி வைக்காதீர்கள். இலையில் தங்கும் ஈரம்தான் அழுகலின் தொடக்கம். வேரை வெட்டி, பழுத்த இலைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் பரப்பித் தளர்வாகச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இரண்டாம் நாள் துணியைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கேரட், பீட்ரூட்டின் தழையை வாங்கி வந்ததும் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தழை கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கிழங்கு ரப்பர் மாதிரி துவண்டுவிடும். முட்டைக்கோஸை முழுதாக வையுங்கள், வெளி இலைகளையும் உரிக்க வேண்டாம். உள்ளே இருப்பவற்றுக்கு அவைதான் காப்பு.

ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பட்டால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். ஆகவே ஆப்பிளைக் காய்கறித் தட்டில் போடாமல் வேறு தட்டில் பையைக் கட்டி வைக்க வேண்டும். தக்காளியை மூன்று பதத்தில் வாங்குங்கள்: பழுத்தது, அரைப்பழம், காய். பின்னிரண்டும் வெளியில் கூடையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டமான இருட்டில், தனித்தனிக் கூடைகளில் இருக்கட்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிப்போன உருளையைச் சாப்பிடக் கூடாது.

ஃபிரிட்ஜின் குளிர் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். ஒரு சிறிய வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பது நல்லது. பின்சுவரில் குளிர்காற்று வரும் துளையை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். அங்கேதான் காய் உறைந்து, இளகியதும் கொழகொழவென்று ஆகும்.

இறைச்சி, மீன், பால், ரொட்டி நான்கும் எளிது. கோழியும் மீனும் ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் கூடாது என்பதால், முதலிரண்டு நாள் சமையலுக்கு வேண்டியதை மட்டும் கீழே வைத்துவிட்டு, மீதியை வந்த அன்றே ஒரு வேளை அளவாகப் பிரித்து, பைக்குள் 2 செ.மீ. தடிமனில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், முந்தைய இரவு ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும். முதல் வாரத்துக்குச் சாதாரணப் பால், இரண்டாம் வாரத்துக்குப் பிரிக்காதவரை வெளியிலேயே கெடாமல் இருக்கும் அட்டைப்பெட்டிப் பால். ரொட்டியைத் துண்டுகளாக ஃப்ரீசரில் வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டுபோகும்.

மளிகையின் அளவுக்கு ஒரு நாள் செலவைப் பிடித்தால் போதும். புதுப் பொட்டலத்தைப் பிரிக்கும் தேதியை அதன்மேலேயே எழுதுங்கள், தீரும் நாளில் கணக்கு கிடைத்துவிடும். அரிசி நாளுக்கு 300 கிராம் என்றால் 14 நாளுக்கு 4.2 கிலோ. கடைக்குப் போவது ஓரிரு நாள் தள்ளினாலும் சமாளிக்க மூன்று நாள் உபரி சேர்த்தால் 5.1 கிலோ. வீட்டில் இருப்பதைக் கழித்துவிட்டு மீதியை வாங்குங்கள். எண்ணெய், உப்பு, சோப்பு போன்றவற்றில் எப்போதும் பிரிக்காத ஒன்று இருப்பில் இருக்கட்டும். அதைப் பிரிக்கும் அன்றே பட்டியலில் ஏறிவிட வேண்டும், பிரிப்பவர் யாரோ அவரே எழுத வேண்டும்.

தனியாகப் பெரிய ஃப்ரீசர் வைத்திருப்பவர்களுக்கு மாத முறை இதைவிடச் சாதகமாக இருக்கலாம். இங்கே சொன்னவை இரண்டு கதவு ஃபிரிட்ஜை வைத்துப் பழகிய கணக்கு. ஆறேழு பேர் உள்ள வீட்டில் காய்கறித் தட்டு ஒன்று போதாது, அங்கே பத்து நாள்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கணிப்பு.

வார முறையிலிருந்து மாறுபவர்கள் எடுத்த எடுப்பில் 14 நாளுக்குத் தாவ வேண்டாம். முதலில் பத்து நாள் வைத்துப் பாருங்கள். பத்தாம் நாள் காய்கறித் தட்டை வெளியே இழுத்து, எது வாடியிருக்கிறது, எது எப்போதோ தீர்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடியதில் கால் பங்கைக் குறைத்து, அதே எடைக்குக் கேரட்டோ முட்டைக்கோஸோ சேர்த்து, அடுத்த முறை இன்னும் இரண்டு நாள் நீட்டலாம்.