இரண்டு சிஸ்டம், ஒரு லேன் கேபிள்: மூன்றரை வருட அனுபவம்

குடியாத்தத்தில் ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, வீட்ல ரெண்டு சிஸ்டம் ஆயிடுச்சு. பென் டிரைவ்ல மாத்தி மாத்தி முடியல. நீங்க நேரா ஒயர் போட்டிருக்கீங்களே, நானும் போடட்டுமா?" என்று கேட்டார். அன்று காலையில்தான் அந்த ஒயரை அறுத்துக் கீழே போட்டிருந்தேன். போனில் சரியாகப் பேச மனம் வரவில்லை. அதனால் இப்போது விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். கேமரா கார்டை இறக்கிப் படங்களைப் பொறுக்குவது கீழே ஹாலில் இருக்கும் சிஸ்டத்தில். எடிட்டிங் மாடி அறையில். ஒரு கல்யாணம் என்றால், முந்தின நாள் ரிசப்ஷன், காலையில் ரத்தினகிரியில் முகூர்த்தம் எல்லாம் சேர்ந்து 120 ஜி.பி.க்குக் குறையாது. பென் டிரைவில் ஏற்றி, மாடிக்குப் போய் மறுபடி இறக்குவது ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது. வைஃபையிலும் முயன்றேன். ஒரே ரவுட்டரில் இருக்கும் இரண்டு சிஸ்டமும் அதே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்வதால் வேகம் வரவில்லை.

லேன் கேபிள் போட்ட முதல் ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காப்பி ஓடும் சின்னப் பெட்டியில் வினாடிக்கு 110 எம்.பி. என்று காட்டியது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் 120 ஜி.பி. மாடியில் இருந்தது. மொத்தம் 18 நிமிடம்தான். அதற்கு முன் இதே வேலைக்கு நடுராத்திரி வரை விழித்திருக்கிறேன்.

செட்டிங் பெரிய வேலை இல்லை. முன்பெல்லாம் இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்க கிராஸ் கேபிள் என்று தனியாகக் கட்ட வேண்டும். இப்போதைய கிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட்) போர்ட்டுகள் தாங்களே மாற்றிக்கொள்ளும், சாதா கேபிளே போதும். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சிஸ்டத்தின் அடையாள எண்) ஒன்றுக்கு 192.168.50.1, இன்னொன்றுக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. இன்டர்நெட் பழையபடி வைஃபையில் ஓடும். விண்டோஸ் இந்த மாதிரி நேர் இணைப்பைப் பாதுகாப்புக்காகப் 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும். அதைப் 'பிரைவேட்' ஆக்கினால்தான் ஷேர் செய்த ஃபோல்டர் தெரியும். பாஸ்வேர்ட் கேட்கும்போது நான்கு இலக்கப் பின் எண்ணைப் போட்டால் ஏற்காது, அக்கவுண்டின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். இன்னொன்று: ஐயாயிரம் சின்னப் படங்கள் போக எடுக்கும் நேரம், அதே அளவுள்ள ஒரே வீடியோ ஃபைலைவிடக் கூடுதல். ஒவ்வொரு ஃபைலுக்கும் திறந்து மூடும் வேலை இருக்கிறது.

சரி, இனி கோபத்துக்கு வருகிறேன்.

இந்தக் கோடையில் காப்பி வேகம் விழுந்தது. 110 போய் 11 ஆனது. 18 நிமிட வேலை மூன்று மணி நேரம். இணைப்பு அறுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். இங்கே எல்லாம் சரியாக இருப்பது போல 'கனெக்டட்' என்றே காட்டியது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்து எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தேன். விண்டோஸை மறுபடி போட்டேன். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு கல்யாண ஆல்பம் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல், பெண்ணின் அப்பாவிடம் தலைகுனிந்து நின்றேன்.

கடைசியில் கேபிள் வேலை பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். டெஸ்டரைச் செருகியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எட்டாவது எரியவில்லை. எட்டாவது என்றால் பழுப்புக் கம்பி. கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 100 மெகாபிட்; எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் காப்பி பெட்டி காட்டும் ஒரு எம்.பி.) வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். அதனால்தான் அறுந்ததைச் சொல்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மாடிப்படி வென்டிலேட்டர் வழியாக இரண்டு மீட்டர் கேபிள் வெளியே போகிறது. அந்த இடத்தில் உறை வெளுத்து வெடித்திருந்தது. சுற்றிலும் கல்மலை இருக்கும் ஊர் இது, அக்னி நட்சத்திரத்தில் எப்படிக் காயும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போகும் இடத்துக்குக் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள் வாங்கியிருக்க வேண்டும். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவர் பழுப்புக் கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம்! செம்புப் பூச்சு மட்டும்தான். கேட் 6 என்ற லேன் கேபிள் தரத்துக்கு முழுச் செம்புக் கம்பி இருக்க வேண்டும். அலுமினியம் வளைந்து நிமிர்ந்தால் சீக்கிரம் முறியும். நான் வாங்கிய கடையில் "சுத்த காப்பர் சார்" என்று சொல்லித்தான் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். இருந்தாலும் அந்த வெள்ளை நுனியைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

தம்பி, உங்களுக்கு என் பதில்: வேண்டாம். இரண்டு சிஸ்டமும் ஒரே அறையில் இருந்தால் நல்ல எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மனசு கேட்காமல் கேபிள்தான் போடுவீர்கள் என்றால், கடையிலேயே நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உறை மேல் 'சிசிஏ' (CCA, செம்புப் பூச்சுள்ள அலுமினியம்) என்று அச்சிட்டிருந்தால் தொடாதீர்கள். மாதம் ஒரு தடவை ஈதர்நெட் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள், 1000 என்று இருக்க வேண்டும்.

நான் முழுச் செம்பில் 25 மீட்டர் கறுப்புக் கேபிள் வாங்கிப் போட்டுவிட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. நேற்று ராத்திரி 140 ஜி.பி. அனுப்பினேன், 21 நிமிடம்.