நானே மாட்டிய பி.வி.சி. மழைநீர்ப் பீலி: இரண்டு மழைக்காலத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டுக் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தி வடித்த தகரப் பீலி கீழிருந்து பார்க்கையில் நன்றாகவே தெரிந்தது. ஏணியில் ஏறி, உள்ளே மக்கிக் கிடந்த இலைகளை அள்ளிய பிறகுதான் அடித்தகடு சல்லடையாகியிருப்பது புலப்பட்டது. ஈரக் குப்பை நாள்கணக்கில் தேங்கினால் துத்தநாகப் பூச்சு அரிக்கப்பட்டு இரும்பு துருவேறும். அந்த நிலையில் ஒட்டுப்போடுவது வீண்வேலை. ஆகவே 112 மில்லிமீட்டர் அகலமுள்ள அரைவட்ட பி.வி.சி. பீலித் தொகுப்பு ஒன்றை வாங்கி, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, இரண்டு நாள்களில் நானே மாட்டி முடித்தேன்.

இத்தொகுப்பின் உண்மையான பலம் அதன் இணைப்புகள். பசை தேவையில்லை, இணைப்பானின் உள்ளே பதிந்திருக்கும் ரப்பர் பட்டையின்மேல் பீலி அழுந்தி உட்கார்ந்து நீரைத் தடுக்கிறது. ஒவ்வோர் இணைப்பானின் உட்புறத்திலும் பீலியின் முனை எதுவரை வரலாம் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. கையேடு இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது, ஆனால் இந்த வேலையில் மிக முக்கியமானது அந்தக் கோடுதான். பி.வி.சி. வெயிலில் நன்றாக நீளும். 4 மீட்டர் நீளமுள்ள ஒரு பீலி, வெப்பம் 30 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வளரும். முதல் நாள் காலைக் குளிர்ச்சியில் நான் முனைகளை முட்ட முட்டச் செருகிவிட்டேன். நண்பகலில் பீலி நெளிந்து, அதைப் பிடித்து நிறுத்தும் ஒரு தாங்கியிலிருந்து கழன்று நின்றதால், அனைத்தையும் பிரித்து மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று.

பெரிய குறை தாங்கிகளின் எண்ணிக்கை. மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கொடுத்திருக்கிறார்கள். பீலி நிரம்பி ஓடும்போது மீட்டருக்கு 4 லிட்டருக்கும் மேல் நீர் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது போதாது. நான் தனியாகச் சில தாங்கிகள் வாங்கி, 80 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும், இணைப்புகளுக்கும் இறங்குகுழாய் வாய்க்கும் இருபுறமும் கூடுதலாகவும் பொருத்தினேன். இன்றுவரை எங்கும் தொய்வில்லை.

சாய்வைப் பற்றியும் கையேட்டில் ஓர் அம்புக்குறி மட்டுமே இருக்கிறது. 3 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் போதும். முதலில் இரு கோடித் தாங்கிகளை முடுக்கி, இடையில் நூலை இழுத்துக் கட்டி, மற்றவற்றை அந்த நூலுக்குச் சரியாக வைக்க வேண்டும். வேகமாக வடியட்டும் என்று சாய்வைக் கூட்டினால் தாழ்ந்த கோடியில் கூரைக்கும் பீலிக்கும் இடைவெளி அகன்று, கனமழையில் நீர் பீலியைத் தாண்டி விழும். இறங்குகுழாயை மாட்டுவதற்கு முன், உயர்ந்த கோடியில் ஒரு வாளி நீரை ஊற்றி, எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கையேட்டில் ஒரு வார்த்தைகூட இல்லாத எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏணியைப் பிளாஸ்டிக் பீலியின்மேல் சாய்க்கவே கூடாது. பீலி விரிசலடையும், ஏணியும் பக்கவாட்டில் வழுக்கும். சுவரில் மட்டுமே சாய்த்து, 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற அளவில் ஏணியின் காலைத் தள்ளி வையுங்கள்.

இறங்குகுழாய் வாய்க்கென்று தொகுப்பில் வந்த தட்டைச் சல்லடையை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். பத்து இலைகள் அதன்மேல் படிந்தாலே வாய் அடைபட்டுவிடுகிறது. குமிழ் வடிவக் கம்பிச் சல்லடை ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகியிருக்கிறேன். இலைகள் அடியில் ஒதுங்கினாலும் மேற்பாதி வழியே நீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது.