எத்தர் நாடகங்கள்: பல ஆண்டுப் பழக்கத்தின் பின் ஒரு மதிப்பீடு

நேர்த்தியாக உடுத்தி, நயமாகப் பேசிப் பிறர் பணத்தைப் பறிக்கும் எத்தர்களைக் கதாநாயகர்களாக்கும் தொலைக்காட்சித் தொடர்களை முதல்முறை பார்ப்பவரைக் கட்டிப்போடுவது கடைசி ஐந்து நிமிடத் திருப்பமே. ஆனால் ஒரே தொடரை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கு முதலில் சாயம் போவதும் அந்தத் திருப்பந்தான். மட்டக்களப்பில் சீடி வட்டுக் கடைகள் நிறைந்திருந்த காலத்தில் எனக்குத் தொற்றிய இந்தப் பழக்கம், இன்று கைப்பேசித் திரையிலும் தொடர்கிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் இவற்றில் எது தாக்குப்பிடிக்கிறது, எது சலிக்கிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

அதிகம் பார்த்தது ‘ஹஸில்’. பிபிசி 2004 முதல் 2012 வரை எட்டுப் பருவங்களாக, 48 அத்தியாயங்களில் ஒளிபரப்பிய இத்தொடரில், மிக்கி என்ற தலைவனாக ஏட்ரியன் லெஸ்டரும், இரையைத் தேடிப் பிடிக்கும் முதியவர் ஆல்பர்ட்டாக ரொபர்ட் வோனும் நடித்தார்கள். சுற்றியிருப்பவர்கள் சிலையாய் உறைந்து நிற்க, குழுவினர் மட்டும் அவர்களுக்கிடையே நடந்து திட்டத்தை விளக்குவதும், திடீரென நம் பக்கம் திரும்பிக் கண்சிமிட்டுவதும் முதலில் மிகக் கவர்ந்தன. நாளடைவில் அவை வெறும் அலங்காரமாகிவிட்டன. அலுக்காதவர் ஆல்பர்ட். அவர் யாரையும் வலிந்து மடக்குவதில்லை. பக்கத்தில் அமர்கிறார், கேட்கிறார், எதிராளி தன் வாயாலேயே தன் ஆசையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கிறார். முடிவு தெரிந்த பின்னர் பார்த்தால் அந்தப் பொறுமையின் ஒவ்வொரு படியும் துலக்கமாகத் தெரிகிறது. அதே குழுவின் ஆஷ் என்பவனோ, பழைய மண்டை எலும்பு முறிவு ஒன்றையே முதலாக்கி, ஓடும் காரில் மோதுண்டவன்போல் விழுந்து, எக்ஸ்ரே படத்தைச் சாட்சியாகக் காட்டி நட்டஈடு வாங்குகிறவன். இப்படிப்பட்ட தொழில் நுணுக்கத்துக்காகவே மறுபடி பார்க்கலாம்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மடிக்கணினியின் மின்கலம் தாங்கும்வரை பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. இந்த வகை நாடகத்துக்கு அது பொருந்திப்போனது என்றே சொல்வேன். வலை விரிக்கப்பட்டு, இரை உள்ளே வந்து, பணம் கைமாறுமுன் திரை அணைந்துவிட்டால், வீட்டிலுள்ள எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து, யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று வாதாடத் தொடங்குவார்கள். “கெட்டிக்காரன்தான் மனே, ஆனா எங்கட ஊருச் சீட்டுக்காரிட்ட இவன் படிக்கணும்” என்று பெரியம்மா சொன்னது அப்படியொரு இரவில்தான். அவருடைய சீட்டுக் காசு திரும்பி வந்ததில்லை.

மறுபார்வையில் எனக்கு மிகப் பிடித்துப்போனது, போலி அலுவலகம் அமைக்கும் காட்சிகள். காலியான கட்டடம் ஒன்றை ஒரு நாளுக்குப் பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, வரவேற்பு மேசையில் ஒருத்தியை இருத்தி, உரிய நேரத்தில் தொலைபேசி ஒலிக்கும்படி ஏற்பாடு செய்து, வேலை முடிந்ததும் துடைத்துவைத்ததுபோல் வெளியேறுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பகுதியில் வெளிநாட்டு வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரின் அறைதான் என் நினைவுக்கு வரும்: சுவரில் உலகப் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏதோவோர் அனுமதிப்பத்திரத்தின் பிரதி, மேசையில் கடவுச்சீட்டுகளின் அடுக்கு, ஓயாமல் தட்டச்சுச் செய்யும் பிள்ளை. அந்தக் கடவுச்சீட்டு அடுக்குத்தான் கெட்டித்தனம். இத்தனை பேர் நம்பிக் கொடுத்திருக்கிறார்களே என்று அது வாய்திறக்காமலே சொல்லிவிடுகிறது. வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொடுத்து விசாரிக்கலாம் என்ற எண்ணம் அங்கே கதிரையில் இருந்தவர்களுக்கு எழவே இல்லை.

இந்த இடத்தில்தான் நாடகத்தின் பிரதான விதி எனக்கு உறுத்தத் தொடங்கியது. நேர்மையான மனிதரை ஏமாற்ற முடியாது, பேராசைக்காரன்தான் வலையில் விழுவான் என்பது மிக்கி குழுவின் வேதவாக்கு. நாம் குற்ற உணர்வின்றி அவர்கள் பக்கம் நின்று கைதட்டுவதற்கு இந்த விதி அவசியம். அதனால்தான் ஒவ்வொரு வாரமும் இரையாக வருபவன் முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே தன் கொடுமையை நிரூபித்துவிடுகிறான். ஆனால் அந்த அறைக்குத் தாலிக்கொடியை அடகு வைத்துக் காசு கொண்டுவந்த பெண்களிடம் இருந்தது பேராசையல்ல, நுண்கடன் தவணை. தொடரே தன் விதியைப் பொய்யாக்கும் ஓர் இடமும் உண்டு: மதுக்கடைக்காரன் எடி நேர்மையானவன், அப்பாவி, அவனைத்தான் இக்குழு வாராவாரம் ஏதாவதொரு சில்லறைத் தந்திரத்தால் ஏய்த்துக் குடிக்கிறது. எழுத்தாளர்கள் அதைச் சிரிப்புக்காகவே வைத்திருக்கலாம். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2009இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘வைட் காலர்’ உடையழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். சிறையிலிருந்து வந்த நீல், பழைய துணிக்கடையில் சந்திக்கும் ஒரு கைம்பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, அவளுடைய கணவனின் கோட்டு சூட்டுகளையும் தங்க ஒரு மாளிகை அறையையும் பெறும் காட்சி ஒன்றே போதும். பின் பருவங்களில் அது வழக்கமான துப்பறியும் தொடராகிவிடுகிறது. 2021இல் வந்த பிரெஞ்சுத் தொடர் ‘லூபன்’ வேறு ரகம். ஒமர் சி நடிக்கும் அசான், லூவர் அருங்காட்சியகத்துக்குள் துப்புரவுப் பணியாளனாக நுழைகிறான். துடைப்பத்தோடு நிற்கும் கறுப்பு மனிதனின் முகத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் அவனுடைய மாறுவேடம். அந்த ஒரு கருத்தின் கூர்மை பல திருப்பங்களுக்குச் சமம்.

2020இல் வந்த இந்தியத் தொடர் ‘ஸ்காம் 1992’, பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் உண்மைக் கதை என்பதால் அதை இந்த வரிசையில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. பிணையங்களின் (அரசுக் கடன்பத்திரங்கள் போன்றவற்றின்) ஆதரவில்லாத வங்கி ரசீதுகளைக் கொண்டு வங்கிப் பணம் எப்படிப் பங்குச்சந்தைக்குப் பாய்ந்தது என்பதைக் கணக்குத் தெரியாதவருக்கும் புரியவைப்பது அதன் சாதனை. ஆனால் பின்னணி இசை ஹர்ஷத் மேத்தாவை நாயகனாகத் தூக்கிப்பிடிக்கும்போது, இழந்தவர்களின் முகம் திரையில் மங்கிவிடுகிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ‘ஹஸில்’ முதல் மூன்று பருவங்களைப் பரிந்துரைப்பேன். ஏட்ரியன் லெஸ்டர் இல்லாத நான்காம் பருவத்தைத் தாண்டிச் செல்லலாம்; ஐந்தில் அவர் திரும்பி வந்தாலும் குழுவிலிருந்த டேனியும் ஸ்டேசியும் போய்விட்டிருப்பார்கள், புதியவர்கள் பழகச் சில அத்தியாயங்கள் பிடிக்கும். ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடிவு தெரிந்த பின் இன்னொரு தடவை ஓடவிட்டு, அப்போது ஆல்பர்ட்டை மட்டும் கவனியுங்கள்.